போட்ட பணம், போகாத கழிவு

காமர்ஸ் படிப்பவர்களுக்கு 'சங்க் காஸ்ட்' தெரிந்திருக்கும். போட்ட பணம் திரும்பாது என்று ஆனபிறகு, அதையே காரணம் காட்டி மேலும் பணம் போடக்கூடாது. அவ்வளவுதான் பாடம். ஆனால் ஒரு அரசாங்கமே இதில் எப்படித் தடுமாறும் என்பதற்கு ஜப்பான் நல்ல உதாரணம்.

அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருளில் புளூட்டோனியம் இருக்கும். எரிபொருளை அமிலத்தில் கரைத்து, அதைப் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்துவதுதான் மறுசுழற்சி. எண்ணெய் வளம் இல்லாத நாட்டுக்கு இது பெரிய கனவு!

அந்தப் புளூட்டோனியத்தில் ஓடுவதற்காக அரசுப் பணத்தில் மோஞ்சு என்ற முன்மாதிரி உலையைக் கட்டினார்கள். 1994-ல் அது இயங்கத் தொடங்கியது. 1995 டிசம்பரில் சோடியம் கசிந்து தீப்பிடித்தது. விபத்தின் வீடியோவை நிர்வாகம் வெட்டிக் காட்டியது தெரிந்ததும் மக்களின் நம்பிக்கையும் போயிற்று. 2010-ல் மறுபடி ஓட்டினார்கள். சில மாதங்களிலேயே வேறொரு கோளாறு. 2016 டிசம்பரில் மூடிவிட அரசு முடிவெடுத்தது. மொத்தத்தில் ஓடியது சுமார் 250 நாள். செலவு 1 லட்சம் கோடி யென்னுக்கு மேல். அதைக் கழற்றி அகற்றுவது மொத்தம் 30 ஆண்டு வேலை என்று திட்டமிட்டார்கள்.

எரிக்கும் உலை போயிற்று. பிரிக்கும் ஆலை என்ன ஆயிற்று? ரொக்காஷோவில் 1993-ல் கட்டத் தொடங்கிய ஆலை 1997-ல் முடிய வேண்டியது. 2024 ஆகஸ்டில் 27-வது முறையாகத் தேதி தள்ளிப்போனது. இந்தச் செலவு மக்களின் மின்கட்டணத்தில் ஏறுகிறது.

'அப்படியானால் நிறுத்திவிட வேண்டியதுதானே' என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். மறுசுழற்சி நடக்காவிட்டால் அங்கே சேர்த்த எரிபொருளை வெளியே எடுத்துச் செல்வதாக அந்த ஊர் இருக்கும் ஆவோமோரி மாகாணத்துக்கு 1998-ல் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே இருப்பது சுமார் 3,000 டன். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

இதற்கிடையில் ஏற்கெனவே பிரித்த புளூட்டோனியம் சுமார் 45 டன், பெரும்பகுதி பிரிட்டனிலும் பிரான்சிலும் கிடக்கிறது. ஒரு குண்டுக்கு 8 கிலோ போதும் என்பது சர்வதேச அணுசக்தி முகமையின் கணக்கு. இத்தனை செய்தும் கடைசியில் கொடிய கழிவு மிஞ்சத்தான் செய்யும். அதை ஆழத்தில் புதைக்க வேண்டும்.

போட்ட பணத்தை மறந்துவிடலாம், கழிவை மறக்க முடியாது. ஆகவே இப்படி ஒரு ஆராய்ச்சிக்கு முதல் ரூபாயோ யென்னோ ஒதுக்கும்போதே 'நடந்தால் எவ்வளவு லாபம்' என்பதோடு 'பாதியில் நிறுத்தினால் எவ்வளவு செலவு, யார் தலையில்' என்றும் கேட்டுவிடுவது நல்லது. பிறகு கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது!