கடல் 'சீ'யும் எங்கள் ஊர் 'சீ'யும்

எங்கள் அரியமங்கலத்தில் 'சீ' என்றாலே குப்பைக் கிடங்கு ஞாபகம்தான் வரும். ஆங்கிலத்தில் 'சீ சேஞ்ச்' என்று ஒன்று உண்டு. இந்த 'சீ', கடல். 'பார்' என்ற 'சீ'யைப் போட்டு எழுதினால் தப்பு.

1611 வாக்கில் ஷேக்ஸ்பியர் எழுதிய 'தி டெம்பஸ்ட்' நாடகத்தில் பிறந்த சொல் இது. கடலில் மூழ்கியவரின் எலும்பு பவளமாகிறது, கண் முத்தாகிறது. அதாவது, அடியோடு வேறொன்றாக மாறுவது. சின்னச் சின்ன மாற்றத்துக்கெல்லாம் இதை எழுதக் கூடாது.

பழைய குப்பையைத் தோண்டி, சலித்து, பிளாஸ்டிக் வேறு மண் வேறாகப் பிரிப்பதுதான் பயோமைனிங். அதில் குப்பை மேடு குறைந்தால் முன்னேற்றம் என்று எழுதலாம். குப்பை மேடு இருந்த இடத்தில் பிள்ளைகள் விளையாட, நாங்கள் ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்கினால், தாராளமாக 'சீ சேஞ்ச்' என்றே எழுதுங்கள்.