மூன்றாம் முள்ளை எண்ணிப் பாருங்கள்

கடற்கரையூரில் பிறந்து வளர்ந்தோருக்கு மீனைப் பற்றிப் பிறர் பாடம் சொல்ல வேண்டியதில்லை என்றொரு செருக்கு நம்மிடம் நெடுநாள் குடிகொண்டிருந்தது. சாளைக்கும் சூடைக்கும் வேறுபாடு அறியாதவர்களைக் கண்டு இளமையில் நகைத்தவர்கள் நாம். அச்செருக்கு அமெரிக்க நாட்டின் மேற்குக் கரையில், ஒரு சிறு துறைமுகப் பாலத்தின்மேல், ஒரே மாலைப்பொழுதில் அடங்கிய வரலாற்றை வாசக அன்பர்களுக்குச் சொல்லுவது பயனுடையது என எண்ணுகிறோம்.

கலிஃபோர்னியாவின் தென்பகுதியில், லாஸ் ஏஞ்சலஸ் மாநகரத்தின் துறைமுகமாக விளங்குவது சான் பெத்ரோ. அவ்வூர் மக்கள் அதனைச் 'சான் பீட்ரோ' என்றே அழைக்கின்றனர். 1542ஆம் ஆண்டில் கப்ரீயோ என்னும் மாலுமி ஸ்பெயின் அரசின் கொடியுடன் இக்கரையோரம் கடந்து சென்றார். 1602இல் வந்த செபஸ்தியான் விஸ்கயினோ, புனித கத்தரீனாளின் திருநாளையொட்டி எதிரேயிருந்த தீவுக்குச் 'சாந்தா கத்தலீனா' என்று பெயர் சூட்டினார். பின்னாளில் குரோவாசியரும் இத்தாலியரும் ஜப்பானியரும் இங்கே குடியேறி மீன்பிடித் தொழிலை வளர்த்தனர். சாளையையும் சூரையையும் டப்பாவில் அடைக்கும் ஆலைகள் ஒரு காலத்தில் இங்கே வரிசையாக நின்றன. இன்று ஆலைகள் இல்லை. மீனவர் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இருக்கின்றனர்.

விடுமுறையில் சென்றிருந்த பங்குத்தந்தை ஒருவருக்குப் பதிலாக அங்கே ஒரு மாதம் தங்கும் வாய்ப்பு, ஒரு ஜூலைத் திங்களில் நமக்குக் கிட்டியது. அப்பங்கில், படகுத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற குரோவாசிய முதியவர் ஒருவர் இருந்தார். நாம் கடற்கரைக்காரர் என்றறிந்ததும் அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "ஃபாதர், திங்கட்கிழமை நீங்கள் என்னோடு கடலுக்கு வருகிறீர்கள்" என்று தாமாகவே முடிவு செய்துவிட்டார்.

விடியுமுன் புறப்பட்டோம். கத்தலீனாத் தீவு கரையிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவு. கட்டணம் செலுத்தி ஏறும் பெரிய படகு அது. முப்பது பேர் பக்கவாட்டுக் கம்பியோரம் நின்று தூண்டிலிடலாம். நடுவே ஒரு தொட்டியில் உயிருள்ள நெத்திலியும் சாளையும் இரைக்காக நீந்திக்கொண்டிருந்தன. தீவை அணுகியதும் ஓர் அற்புதக் காட்சி கண்டோம். 'கெல்ப்' என்னும் பெருங்கடற்பாசி, பாறையைப் பற்றிக்கொண்டு ஆழத்திலிருந்து மேல்மட்டம் வரை வளர்ந்து, பொன்னிறப் பாய் விரித்தாற்போல் நீர்மேல் பரந்து கிடந்தது. அதன் இலைக் காம்புகள்தோறும் காற்றடைத்த சிறு பைகள் உண்டு. அவையே அதனை மிதக்கவைக்கின்றன. தக்க சூழலில் ஒரே நாளில் அரை மீட்டருக்கும் மேல் வளரக்கூடியது அது. நீருக்குள்ளே அஃதொரு காடு. அந்தக் காட்டில் வாழ்வதுதான் 'கெல்ப் பாஸ்' என்னும் மீன்.

'பாஸ்' என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் கொடுவா மீனை நினைக்கக்கூடும். அதையும் ஆங்கிலத்தில் 'சீ பாஸ்' என்கிறார்களல்லவா? இஃது அதுவன்று. நம் களவா மீனுக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். மேலும் அக்கரையில் 'வெள்ளைச் சீ பாஸ்' என்று வழங்கப்படும் மீன் உண்மையில் பாஸே அன்று. கத்தாளை இனத்தைச் சேர்ந்தது. பெயரை நம்பி மீனை அறியப் புகுந்தால் தொடக்கத்திலேயே வழி தவறும்.

அன்று நம் தூண்டிலில் இரண்டு கெல்ப் பாஸ்கள் விழுந்தன. ஒன்று சிறியது, அளவுகோலில் வைத்துப் பார்த்துக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். மற்றொன்றை முதியவரின் இல்லத்தில் பொரித்து உண்டோம். வெண்ணிறத் தசை, இனிய சுவை. பழுப்பும் பாசிப்பச்சையும் கலந்த உடல், முதுகோரம் வெளிறிய திட்டுகள்: இவ்வளவையும் மனத்தில் பதித்துக்கொண்டு, 'இம்மீனை இனி எங்கும் அறிவோம்' என்று நிறைவடைந்தோம்.

இரண்டு நாள் கழித்து மாலையில், கப்ரீயோ கடற்கரையிலுள்ள மீன்பிடிப் பாலத்தில் உலவச் சென்றோம். கலிஃபோர்னியாவில் 16 வயது நிரம்பியோர் மீன்பிடிக்க உரிமம் பெற வேண்டும். ஆனால் பொதுப் பாலங்களில் உரிமம் தேவையில்லை. ஆகவே எளிய குடும்பங்கள் பலவும் அங்கே வாளியும் தூண்டிலுமாகக் கூடுகின்றன. மெக்சிகோ நாட்டுத் தாய் ஒருவர், பத்து வயது மகனுடன் நின்றிருந்தார். ஞாயிறு திருப்பலியில் நம்மைப் பார்த்தவர் போலும். மகனைக் கொண்டு வணக்கம் சொல்லச் செய்தார். அவர்களுடைய வாளியில் ஒரு மீன். 14 அங்குலத்திற்குச் சற்று மேலிருக்கும்.

பாலத்தில் ஓர் எச்சரிக்கைப் பலகை, மீன்களின் படங்களோடு, பல மொழிகளில் எழுதப்பட்டிருந்தது. சிறுவன் அதைச் சுட்டிக்காட்டிக் கேட்டான்: "ஃபாதர், இது அந்தப் பலகையில் உள்ள மீனா? சமைக்கலாமா என்று அம்மா கேட்கிறார்."

நாம் குனிந்து பார்த்தோம். பழுப்பு நிறம், மங்கிய திட்டுகள், கன்னத்தில் பொன்துகள் தூவினாற்போல் சில புள்ளிகள். "இல்லை தம்பி, இது கெல்ப் பாஸ். நல்ல மீன், தாராளமாக உண்ணலாம்" என்றோம். தாயின் முகம் மலர்ந்தது. நம் வெண்ணிறக் கழுத்துப்பட்டை அவருக்குப் பெரிய சான்றாக இருந்திருக்க வேண்டும்.

மறுநாட் காலை இதை முதியவரிடம் பெருமையோடு கூறினோம். அவர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "மூன்றாம் முள்ளைப் பார்த்தீர்களா, ஃபாதர்?" என்று கேட்டார்.

"எந்த முள்?"

அவர் விடை சொல்லவில்லை. நம்மை அழைத்துக்கொண்டு நேரே கப்ரீயோ கடல்வாழ் உயிரினக் காட்சியகத்திற்குச் சென்றார். கட்டடக்கலைஞர் ஃபிராங்க் கெரியின் வடிவமைப்பில் 1981இல் திறக்கப்பட்ட அக்கட்டடம், அதே கடற்கரையில் பாலத்துக்கு அருகிலேயே இருக்கிறது. அங்கே கண்ணாடிக்கு முன் நிறுத்தி, மாணவனுக்குச் சொல்லுவதுபோல் சொன்னார்.

அக்கரையில் ஒரே குலத்தைச் சேர்ந்த மூன்று பாஸ்கள் உள்ளன. முதலாவது கெல்ப் பாஸ். முதுகில் வெளிறிய சதுரத் திட்டுகள் சன்னல் வலைபோல் அமைந்திருக்கும். இரண்டாவது 'பட்டை மணல் பாஸ்'. சாம்பல் நிறத்தில், மேலிருந்து கீழாக மங்கலான கரும்பட்டைகள், கன்னத்தில் பொற்பழுப்பு நிறச் சிறு புள்ளிகள். இது பாறையை அடுத்த மணற்பரப்பில் வாழும். மூன்றாவது 'புள்ளி மணல் பாஸ்'. உடல், தலை, துடுப்பு எங்கும் கரும்புள்ளிகள். இது விரிகுடாக்களிலும் துறைமுகங்களிலும் கடற்புல் வளரும் அமைதியான நீரிலும் வாழும்.

"ஆனால் நிறத்தை நம்பாதீர்கள்" என்றார் அவர். "இடத்துக்கு ஏற்ப நிறம் மாறும், பிடிபட்ட பின் மங்கும், மாலை வெளிச்சத்தில் எல்லாம் பழுப்பு. முள் மாறாது. முதுகுத் துடுப்பை விரித்து முன்னிருந்து எண்ணுங்கள். முதலிரண்டு முட்கள் குட்டையானவை. கெல்ப் பாஸில் மூன்றாம், நான்காம், ஐந்தாம் முட்கள் ஏறக்குறைய ஒரே உயரம். மணல் பாஸ் இரண்டிலும் மூன்றாம் முள் மட்டும் தனியே ஓங்கி நிற்கும். முள் ஓங்கியிருந்தால் மணல் பாஸ்; பிறகு உடலெங்கும் புள்ளியா, பட்டையா என்று பாருங்கள்."

இன்னொரு வேடதாரியையும் காட்டினார். 'ஆலிவ் பாறைமீன்' என்பது கெல்ப் பாஸைப் போலவே வெளிறிய திட்டுகள் கொண்டது. ஆனால் கெல்ப் பாஸுக்கு முதுகுத் துடுப்பில் 10 முட்கள், பாறைமீனுக்கு 13. அங்கும் எண்ணிக்கையே தீர்ப்புச் சொல்லுகிறது.

நமக்குக் கன்னத்துப் பொன்துகள் நினைவுக்கு வந்தது. அழகு என்று வியந்த அது, அடையாளம்! பலகையில் உண்ணத்தகாதென்று காட்டப்பட்டிருந்த பட்டை மணல் பாஸையே நாம் நல்ல மீன் என்று ஒரு தாயிடம் கூறிவிட்டோம்.

ஏன் தகாது? 1947 முதல் 1970களின் தொடக்கம் வரை, டி.டி.டி. பூச்சிமருந்து செய்த ஒரு தொழிற்சாலையின் கழிவு, சாக்கடைக் குழாய் வழியே அருகிலுள்ள பாலோஸ் வெர்தெஸ் கடலடியில் சேர்ந்தது. பி.சி.பி. என்னும் நச்சுப்பொருளும் உடன் சேர்ந்தது. அமெரிக்காவில் டி.டி.டி. 1972இல் தடை செய்யப்பட்டும், கடலடிச் சேற்றில் அது இன்னும் கிடக்கிறது. சேற்றுப் புழுவிலிருந்து சிறு மீனுக்கும், சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும் ஏறுகிறது. எனவே 2009இல் அம்மாநில அரசின் சுற்றுச்சூழல் நல அலுவலகம், சாந்தா மோனிக்கா பாலத்துக்கும் சீல் பீச் பாலத்துக்கும் இடையே பிடிபடும் ஐந்து வகை மீன்களை உண்ணவே வேண்டாம் என அறிவித்தது. அவ்வைந்தில் பட்டை மணல் பாஸ் ஒன்று. கெல்ப் பாஸோ அளவோடு உண்ணத்தக்கது. மூன்றாம் முள்ளின் உயரம், ஒரு குடும்பத்தின் அடுப்பங்கரை வரை செல்லுகிறது!

உடனே பாலத்துக்கு ஓடினோம். அத்தாயும் மகனும் அங்கில்லை. மறுநாளும் சென்றோம், காணவில்லை. ஞாயிறு வரை உள்ளம் அமைதியற்றிருந்தது. நம் நிலை கண்ட முதியவர், "ஒரு வேளை உணவால் உயிர் போகாது, ஃபாதர். ஆண்டுக்கணக்கில் அடுத்தடுத்து உண்பதால் உடலில் சேரும் கேடு இது. ஆனால் அந்தப் பிள்ளை ஒவ்வொரு வாரமும் பாலத்துக்கு வருகிறான் அல்லவா?" என்றார். அந்த இறுதிக் கேள்விதான் நம்மை உறுத்தியது. நாம் தவறாகச் சொன்னது ஒரு மீனைப் பற்றியன்று. இனி அவன் பிடிக்கப்போகும் அத்தனை மீன்களையும் பற்றி.

அவ்வாரத்தில் முதியவர் தம் வருத்தம் ஒன்றையும் கூறினார். கோடையில் பட்டை மணல் பாஸ்கள் முட்டையிடுவதற்காக ஹன்டிங்டன் மணல்மேடு போன்ற இடங்களில் பெருங்கூட்டமாகக் கூடும். "அந்நாளில் அங்கே படகைக் கொண்டுபோனால் ஒவ்வொருவர் சாக்கும் நிரம்பும். கடல் நிறைய மீன் என்று நினைத்தோம். உண்மையில் சுற்றுவட்டாரத்து மீனெல்லாம் ஓரிடத்தில் நின்றது. நாங்கள் அதைத்தான் அள்ளினோம்." 2011இல் வெளிவந்த ஆய்வொன்று இதையே நிறுவியது. கூடி முட்டையிடும் மீன், குறைந்துகொண்டே வரும்போதும், கூடுமிடத்தில் மிகுதிபோல் தோன்றும். ஆகவே வீழ்ச்சி எவர் கண்ணிலும் படாமல் நிகழும். கெல்ப் பாஸ் ஓரடி நீளம் வளரவே 5, 6 ஆண்டுகள் ஆகின்றன. இம்மீன்களை விற்பனைக்குப் பிடிப்பது 1953 முதல் தடை செய்யப்பட்டிருந்தும், பொழுதுபோக்குத் தூண்டில்களே இவ்வளவு செய்துவிட்டன. 2013 மார்ச் முதல், பிடிக்கத்தக்க நீளம் 12 அங்குலத்திலிருந்து 14 ஆகவும், ஒருவர் ஒரு நாளில் வைத்திருக்கக்கூடிய எண்ணிக்கை, மூன்று வகையும் சேர்த்து, பத்திலிருந்து ஐந்தாகவும் மாற்றப்பட்டன. மீனைப் படகில் அறுத்தால், துண்டு ஒவ்வொன்றிலும் ஓர் அங்குலச் சதுரத் தோலை விட்டுவைக்க வேண்டும் என்றும் விதித்தனர். தோல் போனபின் எது எந்த மீன் என்று யார் அறிவார்?

ஞாயிறன்று திருப்பலி முடிந்ததும் கோயில் வாயிலில் அத்தாயைக் கண்டோம். மகனை அருகழைத்து, "தம்பி, அன்று நாம் சொன்னது தவறு. அது பலகையில் இருந்த மீன்தான்" என்றோம். சிறுவன் தாயிடம் சொன்னான். அவர் ஒரு கணம் திகைத்தார். மீனை அன்றிரவே சமைத்து உண்டுவிட்டார்களாம். முதியவர் சொன்ன ஆறுதலைச் சொன்னோம். மன்னிப்பும் கேட்டோம். அவர் நம் கையைப் பற்றிக்கொண்டு சிரித்தார். "குருவானவர் மீன் பெயரில் தவறலாம்" என்று அவர் சொன்னதாக மகன் மொழிபெயர்த்தான்.

அன்று மாலையே மூவரும் முதியவருமாகப் பாலத்துக்குச் சென்றோம். பிடிபட்ட மீனொன்றின் துடுப்பை, ஈரக்கையால் பற்றிச் சிறுவன் விரித்தான். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணினான். மூன்றாவது முள் தனியே ஓங்கி நின்றது. நம்மை நிமிர்ந்து பார்த்து, "மணல் பாஸ், ஃபாதர்!" என்றான். கன்னத்தில் பொற்புள்ளிகள், பக்கத்தில் மங்கிய பட்டைகள். மெல்லக் குனிந்து வலைக்கூடையில் வைத்து அதைக் கடலில் இறக்கினோம். வாலை ஒருமுறை அசைத்துவிட்டு ஆழத்தில் மறைந்தது.

நாம் ஊர் திரும்பிப் பல மாதங்களுக்குப் பின், முதியவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அச்சிறுவன் இப்போது பாலத்தில் புதிதாக வருவோரின் வாளிகளை எட்டிப் பார்க்கிறானாம். கேளாமலே முள்ளை எண்ணிக் காட்டுகிறானாம். நாமும் அதன்பின் ஒரு வழக்கம் கொண்டுள்ளோம். எவரேனும் ஒன்றைக் காட்டி 'இது என்ன?' என்று கேட்டால், விடை நாவின் நுனியில் நின்றாலும், ஒருமுறை குனிந்து பார்த்து எண்ணிய பிறகே வாய் திறக்கிறோம்.