உரசும் இடம்

மேகசின் என்ற சொல் சிற்றிதழ் வாசகனுக்கு ஒரு பொருளைத் தரும், துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு வேறொன்றைத் தரும். வேர் ஒன்றுதான். பண்டகசாலையைக் குறிக்கும் 'மக்ஸன்' என்ற அரபுச் சொல் ஐரோப்பிய மொழிகளுக்குள் நுழைந்து வெடிமருந்துக் கிடங்குக்குப் பெயராயிற்று. 1731இல் லண்டனில் எட்வர்ட் கேவ் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதழைத் தொடங்கியபோது, எழுத்துகளின் கிடங்கு என்ற பொருளில் அது பத்திரிகைக்கு வந்தது. நான் இங்கே சொல்லப்போவது குண்டுகளின் கிடங்கைப் பற்றி. இலக்கிய நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

காற்றுத்துப்பாக்கி என்றதும் திருவிழாவில் பலூன் சுடும் கருவிதான் பலருக்கும் நினைவு வரும். என்னிடம் இருப்பது அதன் வசதியான உறவினன். குழலுக்கடியில் உள்ள உருளையில் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைபட்டிருக்கும். கார்ச் சக்கரத்தில் இருப்பது ஏறத்தாழ இரண்டு பார். குண்டு 4.5 மில்லிமீட்டர் விட்டம், அரை கிராம் எடை, உடுக்கையின் வடிவம். அதன் பின்விளிம்பு பாவாடைபோல விரிந்திருக்கும். நகத்தால் அழுத்தினாலே நசுங்கிவிடும் மெல்லிய ஈயம். அந்தப் பாவாடை பழுதில்லாமல் குழலுக்குள் போனால்தான் குண்டு நேராகப் பறக்கும்.

மேகசின் என்பது பத்துக் குழிகள் கொண்ட ஒரு சிறு சக்கரம், அதைத் தாங்கும் அலுமினியக் கூடு, மேலே திருகால் இறுக்கிய ஒரு மூடி. அது துப்பாக்கியின் பக்கவாட்டிலுள்ள பிளவில் செருகப்படும். போல்ட்டைத் தள்ளும்போது ஒரு மெல்லிய கம்பி குழிக்குள் நுழைந்து, குண்டைக் குழலுக்குள் தள்ளுகிறது. குழியும் குழலும் ஒரே நேர்கோட்டில் நின்றாக வேண்டும். மேகசின் இறுகி, பாதியில் நின்றுவிட்டால் குண்டின் பாவாடை குழல்வாயில் உரசிச் சுருளும். தளர்ந்து ஆடினாலும் அதேதான்.

எனக்கு மூன்று மேகசின்கள். முதலாவது சிணுங்காமல் உள்ளே போகும். பிறகு வாங்கிய இரண்டும் கட்டைவிரல் சிவக்கும்வரை அழுத்தினால்தான் அமரும். எடுக்கவோ பல்லைக் கடிக்க வேண்டும். விற்றவரிடம் கேட்டேன். இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள், போகப்போகச் சரியாகிவிடும் என்றார். இது அறிவுரையல்ல, ஆபத்து. இவ்வளவு அழுத்தமுள்ள காற்றுக்கு அருகே பெட்ரோலிய எண்ணெயைக் கொண்டுபோனால் அது தீப்பற்றக்கூடும்.

இந்தத் தொல்லை புதிதல்ல. ஜிரார்டோனி என்பவர் 1780 வாக்கில் ஆஸ்திரியப் படைக்கு ஒரு காற்றுத்துப்பாக்கி செய்துகொடுத்தார். குழலை ஒட்டிய குழாயில் இருபது ஈய உருண்டைகள். முனையை உயர்த்திக் குறுக்குக்கட்டையைத் தள்ளினால் ஓர் உருண்டை வந்து அமரும். அந்தக் கட்டை இறுகியபோது ஆஸ்திரியச் சிப்பாய் என்ன செய்திருப்பான் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு. கோயம்புத்தூரில் வசிக்கும் எனக்கு அந்தக் கவலை இல்லை. இங்கே தெருவுக்கு ஒரு லேத் பட்டறை.

எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். மோட்டார் பம்பு தொழிற்சாலையின் டூல் ரூமில் முப்பது வருடங்களுக்கு மேல் ஃபிட்டராக இருந்தவர். இரண்டு பாகங்களை விரலால் தடவியே எது தடித்தது என்று சொல்லிவிடுவார் என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். குண்டுகளை நீக்கிய மூன்று மேகசின்களையும், காலியாக இருப்பதை உறுதி செய்த துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு போனேன். கையோடு அரமும் கொண்டுபோயிருந்தேன். அவர் முதலில் அதைத்தான் தள்ளி வைத்தார்.

"மொதல்ல எங்க ஒரசுதுன்னு பாக்கோணுமுங்க தம்பி. அரத்த அப்பறம் எடுத்துக்கலாம்."

அலமாரியிலிருந்து மைக்ரோமீட்டரை எடுத்து என்னிடம் கொடுத்தார். நன்றாகப் போகும் மேகசின் எல்லா இடத்திலும் 11.96 மில்லிமீட்டர். இரண்டாவது, ஓரங்களில் அதே 11.96, நடுவில் மட்டும் 12.03. அவர் சிரித்தார். மூடியின் திருகை யாரோ அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்கள். பிளாஸ்டிக் மூடி உப்பிவிட்டது. கால் சுற்றுத் தளர்த்தியதும் வழுக்கிக்கொண்டு போயிற்று. அரத்தை எடுத்திருந்தால் குற்றமில்லாத அலுமினியத்தை ராவியிருப்போம்.

மூன்றாவதின் கூட்டில் மார்க்கர் மையைத் தடவி, காயவிட்டு, ஒருமுறை செருகி எடுத்தோம். பின்புறத்து மூலை ஒன்றில் மட்டும் நெல்லளவுக்கு மை அழிந்திருந்தது. மற்ற இடங்களில் 11.98, அங்கே 12.01. கடைந்தபின் பிசிறை எடுக்காமலே ஆனோடைசிங் செய்திருக்கிறார்கள். அந்தப் படலம் அலுமினிய ஆக்சைடு, குருந்தக்கல்லின் இனம். உள்ளே இருப்பதோ மெத்தென்ற அலுமினியம். படலத்தை அகலமாகத் தேய்த்துவிட்டால் அலுமினியம் ஒட்டிக் கீறும், இறுக்கம் இன்னும் கூடும். ஆகவே அந்த நெல்லளவை மட்டும் தொட வேண்டும்.

துப்பாக்கியின் பிளவைத் தேய்த்து அகலப்படுத்தினால் என்ன என்று கேட்டேன். மூன்றுக்கும் பொதுவான வீடு அது, ஒரு விருந்தாளிக்காக வாசலை இடிப்பதா என்றார்.

சக்கரத்தையும் ரப்பர் வளையத்தையும் கழற்றி வைத்தோம். கண்ணாடித் துண்டின்மேல் 1200ஆம் எண் வாட்டர் பேப்பர், சில சொட்டுத் தண்ணீர். அவர் செய்வார் என்று நான் காத்திருந்தேன். கூட்டைக் கையில் வாங்கி அந்த மூலையில் கட்டைவிரலை ஓட்டினார். மறுபடி ஓட்டினார். பிறகு இடது கைக்கு மாற்றினார்.

"உங்களுக்குத் தெரியுதுங்களா?" என்றார்.

எனக்குத் தெரிந்தது. மிக மெல்லிய ஒரு மேடு.

"சர்க்கர வந்ததுல இருந்து வெரல் மரத்துப்போச்சுங்க," என்றார், வேறெதையோ பற்றிச் சொல்வதுபோல. எனக்குப் பதில் வரவில்லை. கூட்டை என் பக்கம் நகர்த்தினார். "நீங்க ராவுங்க. நான் சத்தத்தக் கேட்டுக்கறேன்."

மூலையை மட்டும் தாளில் படவைத்து ஐந்து இழுப்பு. துடைத்து, அளந்து, மீண்டும் மை. அடுத்த ஐந்தில் சத்தம் மாறுகிறது, போதும் என்றார். எனக்கு எந்த மாற்றமும் கேட்கவில்லை. அளந்தால் 11.99. பிசிறு போனபின் முகம் முழுவதையும் கண்ணாடிமேல் எட்டு வடிவில் நாலே சுற்று விடச் சொன்னார். 11.97இல் நிறுத்தினார். கழுவி, துடைத்து, சக்கரத்தைப் பூட்டிச் செருகினோம். லேசான தயக்கத்துடன் உள்ளே போய், 'டக்' என்று அமர்ந்தது. இன்னும் கொஞ்சம் எடுத்தால் முதலாவதைப் போலவே ஆகிவிடுமே என்றேன். அந்தத் தயக்கம் இருக்கட்டும், புழங்கப்புழங்க அதுவே எடுத்துக்கொள்ளும், எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது என்றார்.

அந்த வாரம் நண்பரின் தோப்பில், மண்மேட்டைப் பின்னணியாக வைத்து, மூன்று மேகசின்களிலும் தலா பத்துக் குண்டுகள் சுட்டேன். காகிதங்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். எது எந்த மேகசின் என்று அவரால் சொல்ல முடியவில்லை. அதில் அவருக்கு மகிழ்ச்சி.

பிறகு ஒரு பழைய நோட்டை எடுத்து என்னிடம் நீட்டி, எண்ணிட்டு மூன்றின் அளவுகளையும் எழுதச் சொன்னார். மூன்றாம் எண்ணுக்கு நேரே, '0.01 விட்டிருக்கிறது' என்று சேர்க்கச் சொன்னார்.