இருளினின்று எழும் நிலவு

வெண்ணிலாவை ஓவியமாக்க வெண்மையைத் தீட்டவேண்டும் என்றே நெடுநாள் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை மாற்றியது, ஆங்கிலேயக் கலைஞர் சர் ஃபிராங்க் ஷார்ட் (1857–1945) கையாண்ட மெசோடின்ட் என்னும் அச்சோவிய முறை. வழக்கொழிந்துவந்த அம்முறைக்கு மறுவாழ்வளித்த அவர், இலண்டன் ராயல் கலைக் கல்லூரியில் 1924 வரை பயிற்றுவித்த ஆசிரியருமாவார்.

நிலவொளி தோயும் நாட்டுப்புறக் காட்சிக்கு இம்முறை மிகவும் ஏற்றது. முதலில் செப்புத் தகடு முழுவதையும் பல்முனைக் கருவியால் சொரசொரப்பாக்குவர். அப்படியே மையிட்டு அச்சிட்டால் தாளெங்கும் காரிருளே. பின்னர்ச் சிறிது சுரண்டினால் வயல்வெளியில் மங்கிய ஒளி தோன்றும். மேலும் தேய்த்தால் ஓடைநீர் மினுங்கும். முற்றிலும் வழவழப்பாக்கினால் வானில் நிலவு எழும். அவ்வெண்மை தீட்டியதன்று, மை படியாத தாளே அது. அளவுமீறிச் சுரண்டிவிட்டாலோ, அவ்விடத்தை மீண்டும் சொரசொரப்பாக்கிப் புதிதாய்த் தொடங்கவேண்டும்.

இதனை அறிந்தபோது, பிழைகளை ஒரே நாளில் களைந்துவிடும் வேகத்தில் வகுப்பில் நாம் கடிந்துகொண்ட மாணவர் ஒருவர் நினைவில் எழுந்தார். அன்றோடு அவர் வினாத் தொடுப்பதையே நிறுத்திக்கொண்டார். மீண்டும் அவர் வாய்திறக்க ஓராண்டு ஆயிற்று. மாணவரிடத்து ஒளி முன்னரே உள்ளது. அதனை மறைப்பதை மென்மையாய் அகற்றுதலே நம் கடன். அவ்வோராண்டில் நாம் கற்ற பாடம் இதுவே.