ஓதற்பிரிவும் விடுமுறை நாட்களும்

மாணவர் செவிக்கு விடுமுறை என்ற சொல்லினும் இனிய சொல் பிறிதில்லை. ஆயினும், கடல் கடந்து சென்று கற்கும் மாணவனுக்கு அச்சொல்லே துன்பந் தருவதாகும். பாடங்கள் நடைபெறும் நாட்களில் வீட்டை நினைந்து ஏங்குதற்கு அவனுக்குப் பொழுதில்லை. உடன் பயில்வோர் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு தத்தம் ஊர்களுக்குப் புறப்பட்ட பின்னரே, தான் இருப்பது அயல்நாடு என்பதை அவன் முழுதாக உணர்கின்றான்.

தலைவன் பிரிந்து செல்லுதற்குரிய காரணங்களைக் கூறப் புகுந்த தொல்காப்பியனார், பகையோடும் தூதோடும் ஓதலையும் ஒருங்கு வைத்தார். கல்வியின் பொருட்டு நேரும் பிரிவு மூன்றாண்டைக் கடத்தலாகாதென எல்லையும் வகுத்தார். கல்லூரியில் இவற்றை நெட்டுருப் பண்ணியபோது இலக்கணமாகவே அறிந்தேன். அவற்றின் பொருளை உணர்ந்தது 2004ஆம் ஆண்டில், தமிழ் பயிலும் பொருட்டுச் சிதம்பரஞ் சென்று அண்ணாமலைப் பல்கலைக்கழக விடுதியில் தங்கியிருந்த காலத்திலேயாம்.

சிதம்பரம் எமக்கு அந்நியமான ஊரன்று. நல்லைநகர் ஆறுமுக நாவலர் 1864இல் அங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். காரைதீவு தந்த விபுலானந்த அடிகளார் 1931இல் அப்பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். மொழி ஒன்று, வழிபடுந் தெய்வமும் ஒன்று. அவ்வாறிருந்தும், ஐப்பசியில் வந்த தீபாவளிக்கு விடுதி வெறுமையாகி, சமையற்கூடமும் மூடப்பட்டபோது, மொழியும் தெய்வமும் ஒன்றாயிருத்தல் மாத்திரம் ஒருவனுக்குப் போதாதென்பதைக் கண்டேன். அம்மா அவிக்கும் புட்டின் வாசனையும், விடியலில் முற்றம் கூட்டும் ஓசையும் அங்கில்லை.

அந்நாட்களில் எனக்கென ஓர் ஒழுங்கினை வகுத்துக்கொண்டேன். பாடமுள்ள நாள் போலவே வைகறையில் எழுந்து நீராடினேன். நடந்தே சென்று தில்லைக் கூத்தனை வணங்கினேன். வரும் வழியில் ஒரு சிறு கடையில் இட்டலியும், அவ்வூருக்கே உரிய கத்தரிக்காய்க் கொத்சுவும் உண்டேன். மாலையில், அன்று புதிதாகக் கண்ட ஒன்றைப் பற்றி ஒரு பக்க அளவில் வீட்டுக்குக் கடிதம் எழுதினேன். எழுதுதற்கு ஏதேனும் வேண்டுமே என்பதற்காகவே ஊரைச் சுற்றிப் பார்க்கலானேன். அவ்வாறு பார்க்கப் பார்க்க, ஊரும் என்னை மெல்ல ஏற்றுக்கொண்டது.

ஆயினும், பெருஞ் சோதனை மார்கழியிலேயே வந்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி, பௌர்ணமி நாளன்று, ஆழிப்பேரலை இரு நாட்டுக் கரைகளையும் ஒருங்கே தாக்கிற்று. சிதம்பரத்துக்குக் கிழக்கே கிள்ளைப் பகுதிக் குப்பங்கள் அழிந்தன. இங்கே பருத்தித்துறை தொடக்கம் காரைதீவுக்கு அப்பாலும் கரையூர்கள் அழிந்தன. எமது சிற்றூர் பருத்தித்துறைக்கு அண்மையிலுள்ளது. வீட்டில் தொலைபேசி இல்லை. அயல்வீட்டு இலக்கத்தை நாளுக்குப் பத்து முறை அழைத்தும் பதிலில்லை. ஐந்தாம் நாளே அம்மாவின் குரலைக் கேட்டேன். வீட்டார் உயிரோடிருந்தனர், கரையோரத்தில் வாழ்ந்த சின்னம்மாவை இழந்தோம். உடனே புறப்பட்டு வருகின்றேன் என்றேன்.

“நீ இப்ப வந்து என்ன செய்யப்போறாய், தம்பி? எல்லாம் முடிஞ்சுது. அங்கையும் கடல் அழிச்ச சனம் இருக்குமெல்லே. அதுகளைப் போய்ப் பார்.” அம்மா கூறியது இவ்வளவே.

மறுநாள், விடுதியில் எஞ்சியிருந்த சிலரோடு அரிசியும் துணியும் சுமந்து குப்பமொன்றுக்குச் சென்றேன். மகனைப் பறிகொடுத்த மூதாட்டி ஒருவர் என் பேச்சைக் கேட்டு, எந்த ஊரென வினவினார். கூறினேன். அவர் என் கையைப் பற்றிக்கொண்டு, “அங்கே உங்கம்மா நல்லா இருக்காங்களா, தம்பி?” என்றார். தம் துயரின் நடுவிலே பிறர் தாயின் நலன் வினவிய அச்சொல் இன்றும் என் நெஞ்சை விட்டகலவில்லை. விடுமுறை முடியும்வரை நாடோறும் அங்கு சென்றேன். சின்னம்மாவின் ஈமக்கிரியைகளில் நிற்கவியலாத துயரம் நீங்கிற்றென்று சொல்லமாட்டேன்; அத்துயரத்தைச் சுமந்து நடக்கும் வலிமை வந்தது.

தைப்பொங்கலுக்கு உடன் பயின்ற நண்பரின் அன்னையார் என்னைத் தம் இல்லத்துக்கு அழைப்பித்தார். விருந்தினனாக இருத்தாது, தேங்காய் துருவும் வேலையை என்னிடம் ஒப்படைத்தார். வேலை தந்த வீடு சொந்த வீடாகிவிடுகின்றது!

மாணவர்களே, உங்களுட் பலர் நாளை இங்கிலாந்துக்கும் கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் கற்கச் செல்வீர்கள். யான் ஐந்து நாட் காத்திருந்து கேட்ட குரலை, நீங்கள் முகத்தோடு கூடவே நினைத்த பொழுதெல்லாம் கைத்தொலைபேசியிற் காண்பீர்கள். அது பெரும் பேறு. எனினும், நாள் முழுவதும் அதனையே பார்த்திருப்பவன் ஈரூரிலும் வாழாதவனாவான். வீட்டாரோடு பேசுதற்கு ஒரு நேரம் குறியுங்கள்; எஞ்சிய நேரத்தில், அவர்களுக்குச் சொல்லத்தக்க ஏதேனுமொன்றைச் செய்யுங்கள். எவரேனும் உணவுக்கு அழைப்பாராயின் கூச்சத்தால் மறுத்தலாகாது. ஏக்கத்தைக் கோழைமை என எண்ணி நாணுதலும் வேண்டா. அன்புடைய இல்லத்திற் பிறந்தமைக்கு அது சான்று.

பழைய மாணவப் பெருமக்களே, பொன்னான இம்மலர் வாயிலாக உங்களிடமும் ஒரு விண்ணப்பம். இலண்டன் மாநகரில் நத்தார் தினத்தன்று புகையிரதமும் ஓடுவதில்லை, பேருந்தும் ஓடுவதில்லை. ஈழத்திலிருந்து சென்ற மாணவனொருவன், அடைத்த கடைகளைப் பார்த்தவாறு, தன் சிற்றறையில் அன்று தனித்திருத்தல் கூடும். கடல் கடந்த நகரங்களில் வாழும் நீங்கள், எமது கல்லூரிப் பிள்ளைகள் எங்கெங்கே பயில்கின்றனர் என்பதைக் கேட்டறியுங்கள். முதல்நாளே சென்று அவர்களை உங்கள் இல்லத்துக்கு அழைத்து வாருங்கள். பெரிய விருந்து வேண்டியதில்லை. இடியப்பமும் சொதியும் போதும். சமையலறையில் ஒரு வேலையையும் கொடுங்கள். நிதி திரட்டிக் கட்டடம் எழுப்புதல் சிறந்த தொண்டே. எம் பிள்ளையொருவனின் ஓதற்பிரிவைத் தாங்கத்தக்கதாக்குதலும் அதற்குக் குறைந்ததன்று.