திருகோணமலை போறவங்களுக்கு

"திருகோணமலைல பாக்க என்னடா இருக்கு?"ன்னு நேத்து ஒரு நண்பன் கேட்டான்.

மே மாசத்துலேருந்து செப்டம்பருக்குள்ள போ.
இலங்கையோட தெற்குக் கரையில கடல் கொந்தளிக்கிற அதே மாசங்கள்லதான் இந்தப் பக்கம் குளம் மாதிரி கிடக்கும்.

உப்புவெளி, நிலாவெளி ரெண்டு கடற்கரையும் அழகு.
கன்னியாவுல பக்கத்துப் பக்கத்துல ஏழு வெந்நீர்க் கிணறு. ஒவ்வொண்ணுலயும் ஒரு சூடு.
சாயங்காலம் கோணேஸ்வரம். சம்பந்தர் பாடின தலம். கோட்டை வழியா ஏறணும், புள்ளிமான் குறுக்க வரும்.

ஆனா என் மனசு நிக்கிறது புறாத்தீவுலதான்.

நிலாவெளியிலேருந்து படகுல கொஞ்ச தூரம். 2003லேருந்து தேசியப் பூங்கா.
ஆழமே இல்லாத தண்ணியில பவளம். கண்ணாடி மாட்டிக்கிட்டுக் குனிஞ்சா கலர் கலரா மீன். கொஞ்சம் தள்ளி, துடுப்பு நுனி கறுத்த சின்னச் சுறா. நம்மளப் பாத்தா அதுதான் விலகிப் போகும்.

அங்க ஒருத்தர் பவளத்து மேலயே ஏறி நின்னு போட்டோ எடுக்கறார்.
படகுக்கார அண்ணன் பதறிக் கத்தினார்: "ஐயா, இறங்குங்க! அது கல்லில்ல, உசிரு!"

உருண்டைப் பவளம் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வளரும்.
ஒரு மிதியில எத்தன வருஷம் போகுது!
எனக்குத் தொண்டை அடைச்சிடுச்சு.

போங்க, கண்டிப்பா போங்க. லைஃப் ஜாக்கெட் போட்டு மிதங்க, கால ஊனாதீங்க. சன்ஸ்கிரீனுக்குப் பதிலா முழுக்கைச் சட்டை போதும்.

ஒரு நாளைக்கு இத்தனை பேருதான்னு வரம்பு வச்சா பவளம் பொழைக்கும்னு தோணுது. ஆனா அந்தச் சில மாச வருமானத்த நம்பியிருக்கிற படகுக்காரங்க என்ன பண்ணுவாங்க?
நீங்க என்ன சொல்றீங்க?