மூன்று மாதக் கெடு

பெங்களூரு மடிவாளாவில் சிறுவர்களுக்கான அரசுக் கூர்நோக்கு இல்லம் இருக்கிறது. அங்கிருப்பவர்களுக்கும் வாய்தா உண்டு. ஆனால் வாய்தாவுக்குச் சட்டம் கெடு வைத்திருக்கிறது. 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 14-வது பிரிவுப்படி, பையனைச் சிறார் நீதிக் குழுமத்தின் முன் முதலில் நிறுத்திய நாளிலிருந்து 4 மாதத்தில் விசாரணை முடிய வேண்டும். காரணம் எழுதி வைத்து இன்னும் 2 மாதம் நீட்டலாம். சில்லறைக் குற்றமென்றால், அதையும் தாண்டினால் வழக்கே முடிந்துபோகும்.

கொடுங்குற்றம் என்றால் கதை வேறு. 16 வயது நிரம்பியவனைப் பெரியவனாக விசாரிக்கலாமா என்று 3 மாதத்துக்குள் குழுமம் மதிப்பிட வேண்டும். கர்நாடகத்திலிருந்து போன ஒரு வழக்கில், 2024 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் இந்த 3 மாதம் கட்டாயமல்ல என்றது. தவறினால் என்ன ஆகும் என்று சட்டம் சொல்லவில்லை. உளவியலாளர் அறிக்கை வருவதும் குழுமத்தின் கையில் இல்லை.

நீதிமன்றத்தின் வாதம் நியாயம்தான். அவசர அறிக்கையை நம்பி ஒரு பையனைப் பெரியவர்களுக்கான விசாரணைக்குத் தள்ளுவதைவிடத் தாமதம் மேல்.

ஆனால் 17 வயதில் சிக்கியவன், மதிப்பீடு முடிவதற்குள் ஓட்டுப் போடும் வயதுக்கு வந்துவிடுகிறான். அப்போது அளப்பது யாருடைய மனதை?

இத்தனைக்கும், நிலுவை வழக்குகளைத் தலைமை நீதித்துறை நடுவர் 3 மாதத்துக்கொருமுறை பார்த்து, குழுமத்தின் அமர்வுகளை அதிகரிக்கச் சொல்ல வேண்டும் என்று 16-வது பிரிவு அதே சட்டத்தில்தான் இருக்கிறது.